பழைய நினைவை அழித்தபோது



இவ்வாரத் தியானத்தை என் தவற்றை அறிக்கையிட்டே தொடங்குகிறேன்.

நம் சபையின் பழைய பிரசங்க ஒலிப்பதிவுகளை ஆண்டுவாரியாக வகைப்படுத்துவதற்கு, வாலிபத் தம்பி ஒருவர் ஒரு நிரல் எழுதித் தந்தார். அதன் பெரும்பகுதி பைத்தான் மொழியிலும், ஒரு சிறு பகுதி சி பிளஸ் பிளஸ் மொழியிலும் அமைந்தது. பைத்தான் 3.11 தேவை என்று குறிப்பும் எழுதியிருந்தார். ஆலய அலுவலகக் கணினியில் உபுண்டு 20.04-உடன் வந்த பைத்தான் 3.8 ஏற்கெனவே இருந்தது. நான் 3.11-ஐத் தனிக் கோப்புறையில் நிறுவி, வேண்டிய நூலகங்களையும் அதனுள் சேர்த்தேன். ஆனாலும் நிரலை ஓட்டியபோது, நூலகமே இல்லை என்று பிழை காட்டியது.

இரண்டு மாலைகள் வீணாயின. மூன்றாம் மாலை அத்தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, "எதையும் பாதியில் விட்டுவிடுவது உனக்குப் பழக்கம்தானே" என்று கடிந்துகொண்டேன். அவர் சற்று மௌனமாயிருந்து, "ஐயா, எந்தப் பைத்தான் ஓடுகிறதென்று ஒருமுறை பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஓடியது 3.8. நாம் ஒரு கட்டளையை இடும்போது, கணினி 'பாத்' எனும் பட்டியலிலுள்ள கோப்புறைகளை வரிசையாகத் தேடும். முதலில் அகப்படுவதையே இயக்கும். 3.11-இன் கோப்புறையை நான் பட்டியலின் கடைசியில் சேர்த்திருந்தேன். ஒரு பதிப்பினுள் சேர்த்த நூலகம் மற்றொன்றின் கண்ணுக்குப் படாது. குற்றம் அவருடைய நிரலில் இல்லை. என் வரிசையில் இருந்தது.

வரிசையை மாற்றினேன். அப்பொழுதும் முழுதும் சீராகவில்லை. சி பிளஸ் பிளஸ் பகுதியைக் கட்டமைக்கும் சிமேக் என்னும் கருவி, முதல்முறை ஓடியபோது தான் கண்ட பைத்தானின் இருப்பிடத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. மறுமுறை புதிதாகத் தேடாமல், எழுதியதையே நம்புகிறது. ஆகவே அப்பகுதி மீண்டும் 3.8-க்கென்றே உருவாயிற்று, 3.11 அதை ஏற்கவில்லை. அந்தக் கட்டமைப்புக் கோப்புறையை முழுவதும் அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கிய பின்னரே எல்லாம் இசைந்தது.

அந்தக் கோப்புறையை அழித்த வேளையில்தான் ஆவியானவர் என் உள்ளத்தை உணர்த்தினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் பாடகர் பயிற்சியிலிருந்து அத்தம்பி பாதியில் விலகினார். அன்று நான் எழுதிவைத்த தீர்ப்பை ஒருநாளும் அழிக்கவில்லை. புதிதாக விசாரியாமல், பழைய பதிவையே வாசித்து அவரைக் கடிந்தேன்.

பவுல் அப்போஸ்தலரும் இவ்வழியே நடந்திருக்கிறார். மாற்கு என்னும் யோவான் பம்பிலியாவில் அவர்களை விட்டுத் திரும்பிப் போனதை நினைத்து, அடுத்த பயணத்தில் அவரை அழைத்துச்செல்ல மறுத்தார். அதனால் பர்னபாவுக்கும் பவுலுக்கும் கடும் பிணக்கு உண்டாகி, இருவரும் பிரிந்தனர். ஆயினும் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்கு ஊழியத்தில் தமக்குப் பயனுள்ளவர் என்றும், அவரை அழைத்துவர வேண்டும் என்றும் அதே பவுல் கேட்டுக்கொள்கிறார். பழைய பதிவு அழிந்திருந்தது.

மறுநாள் அத்தம்பியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அந்த டிசம்பரில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள் ஐயா. யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை" என்றார். மேய்ப்பனாகிய நான் அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அறிந்திருப்பேன். கேளாமலே எழுதிவைத்தேன்.

பிரியமானவர்களே, நம் உள்ளத்தின் வரிசையில் முதலில் நிற்பது எது? கிறிஸ்துவின் அன்பை நாம் பெற்றிருக்கிறோம்; ஆனால் அதைக் கடைசியில் வைத்தால், பழைய சுபாவமே முந்திக்கொண்டு பதில் சொல்லும். யாரைக்குறித்தேனும் பழைய தீர்ப்பொன்றைப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்களா? இவ்வாரம் அதை அழித்துவிட்டு, அவரிடம் சென்று புதிதாக விசாரியுங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, என் அக்கிரமங்களை நீர் நினையாதிருக்கிறது போல, பிறர் குறைகளை நினையாதிருக்கும் இருதயத்தை எனக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறேன். ஆமென்.