பெயர் நின்றது... நிலம் போனது!

ஓர் ஆளுநர் உத்தரவு போட்டால் ஆற்றின் பெயர் மாறிவிடுமா? கனடாவில் ஒருவர் முயன்று பார்த்தார்.

1792-ல் மேல் கனடாவின் துணைநிலை ஆளுநராக இருந்த ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, கிராண்ட் ஆற்றுக்கு 'ஊஸ்' என்று பெயர் சூட்டினார். அது அவர் பிறந்த இங்கிலாந்தில் ஓடும் ஒரு நதியின் பெயர். காகிதத்தில் ஏறிய அந்தப் பெயர் மக்கள் வாயில் ஏறவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'பெரிய ஆறு' என்ற பொருளில் வைத்த பெயர்தான் இன்றும் 'கிராண்ட்' என்று வழங்குகிறது. மோஹாக் மக்களுக்கோ அது 'வில்லோ மரங்களின் ஆறு'.

ஒன்டாரியோ மாகாணத்தின் மேட்டு நிலத்தில் டண்டாக் என்ற ஊருக்கு அருகே பிறந்து, எலோராவில் சுண்ணாம்புப் பாறைகளைக் குடைந்து இறங்கி, சுமார் 300 கிலோமீட்டர் ஓடி, ஈரி ஏரியில் கலக்கிறது கிராண்ட். இதன் படுகையில் பெரும்பகுதி விவசாய நிலம். மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன. கார்கள் பறக்கும் அதே சாலைகளில் மென்னோனைட் விவசாயிகள் சிலர் இன்றும் குதிரை வண்டியில் போகிறார்கள்.

கரையோர ஊர்களின் பெயர்களுக்கும் கதை உண்டு. 'பெர்லின்' என்ற நகரம், முதல் உலகப்போரின்போது ஜெர்மனி மீதிருந்த கோபத்தில், 1916-ல் 'கிச்சனர்' ஆனது. பிரிட்டிஷ் தளபதியின் பெயர் அது. மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட் ஆற்றைக் கடந்த துறைதான் 'பிராண்ட்ஃபோர்டு'.

அந்த பிராண்ட் இங்கே வந்தது ஏன்? அமெரிக்க விடுதலைப் போரில் மோஹாக், செனெகா உள்ளிட்ட 6 பழங்குடி இனங்களின் கூட்டமைப்பில் பெரும்பாலோர் பிரிட்டனுக்காகப் போரிட்டார்கள். பிரிட்டன் தோற்றது. இவர்கள் சொந்த மண்ணை இழந்தார்கள். அதற்கு ஈடாக, 1784 அக்டோபர் 25-ல் ஆளுநர் ஹால்டிமண்ட் ஒரு பிரகடனம் வெளியிட்டார். மிசிசாகா மக்களிடமிருந்து அரசு வாங்கிய நிலத்தில், கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் 6 மைல் அகலத்துக்கு, இவர்களும் இவர்கள் சந்ததியினரும் என்றென்றும் அனுபவிக்கலாம் என்பது வாக்குறுதி. மொத்தம் சுமார் 9.5 லட்சம் ஏக்கர்.

'என்றென்றும்' அதிக காலம் நீடிக்கவில்லை. வருமானம் தேடி பிராண்டே சில பகுதிகளை விற்றார். அனுமதியின்றிக் குடியேறியவர்கள் சில பகுதிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அரசு, தன் பொறுப்பில் எடுத்து விற்ற நிலங்களும் உண்டு. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 46,000 ஏக்கர். இருபதில் ஒரு பங்குகூட இல்லை!

விற்ற பணம் எங்கே என்று கணக்குக் கேட்டு, 1995-ல் அந்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் கலிடோனியா ஊரில், தங்கள் நிலம் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் வீடுகள் கட்டும் வேலை நடந்தபோது, அங்கேயே அமர்ந்து போராடினார்கள். பிராண்ட்ஃபோர்டு நகரம் குடிப்பது கிராண்ட் ஆற்றுத் தண்ணீர். அதே கரையில் இருக்கும் பழங்குடியினர் பகுதியிலோ, குழாய் இணைப்பே இல்லாத வீடுகள் பல.

கிராண்ட் என்ற பெயருக்குப் பத்திரம் எதுவும் இல்லை. மக்கள் சொல்லிச் சொல்லியே அது நிலைத்துவிட்டது. நிலத்துக்குப் பத்திரம் இருந்தது, ஆளுநரின் முத்திரையும் இருந்தது. ஆனால், கொடுத்தவர்களே அதை மதிக்காதபோது பத்திரத்தால் நிலத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் அந்த மக்கள், 1784-ல் எழுதிய அந்தப் பிரகடனத்தை இன்னும் கையில் வைத்துக்கொண்டு பதில் கேட்கிறார்கள்.