ஐந்தாவது தோட்டா

வெந்நீர்த் தொட்டிக்குள் ஸ்கோப் இறங்கியதும் பட்டறையில் பேச்சு நின்றுபோனது. நீரின் சூடு சுமார் 50 டிகிரி. குழலுக்குள் அடைபட்டிருக்கும் வாயு அந்தச் சூட்டில் விரியும். எங்காவது ரப்பர் வளையம் இறுகிப் பிடிப்பு விட்டிருந்தால் அந்த இடத்தில் குமிழி கிளம்பும். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கண் வைக்கும் முனையின் விளிம்பில் கடுகளவு ஒரு குமிழி ஒட்டி நின்று, விலகி மேலே போனது. அதே இடத்தில் இன்னொன்று. “இங்கேதான் போகுது, பார்த்துக்கோ” என்றார் பெரியவர். அவருடைய மருமகள் ஸ்கோப்பை வெளியே எடுத்துத் துடைத்து, அந்த இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், வில்லாமெட் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம். கார் நிறுத்தும் கொட்டகையைத் தடுத்துக் கட்டிய பட்டறை. வேட்டைத் துப்பாக்கிகளிலும் கைத்துப்பாக்கிகளிலும் பொருத்தும் ஸ்கோப்புகளைப் பழுது பார்ப்பது மட்டுமே இங்கே வேலை. வேலை செய்பவர்கள் இவர்கள் இருவர்தான். இப்படிப்பட்ட பட்டறைகள் அருகிவிட்டன என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

இந்த ஊர்ப்பக்கம் ஸ்கோப்புக்கு முதல் எதிரி மழை. மேற்கே கடலோர மலைத்தொடரின் சில சரிவுகளில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. கருவால் மானும் ரூஸ்வெல்ட் எல்க்கும் வேட்டையாடப்படும் பருவம் இலையுதிர்காலம். அதாவது மழை தொடங்கிவிட்ட காலம். வண்டியின் வெதுவெதுப்பிலிருந்து துப்பாக்கியைச் சாரலுக்குள் எடுத்துப் போனால், குழலுக்குள் துளி ஈரம் இருந்தாலும் உள்பக்க லென்ஸில் பனி படர்ந்துவிடும். வெளியே படர்ந்ததைத் துடைக்கலாம். உள்ளே படர்ந்ததை என்ன செய்வது?

அதற்கு மருந்து கண்டுபிடித்ததும் இந்த மண்தான். போர்ட்லேண்டில் 1907இல் நில அளவைக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கியது லியூபோல்ட் நிறுவனம். நிறுவனரின் மகன் மார்கஸ் லியூபோல்ட், ஸ்கோப் மங்கிப்போனதால் ஒரு மானைத் தவறவிட்டார்; அந்தக் கோபத்தில்தான் ஸ்கோப் செய்யவே இறங்கினார்கள் என்று நிறுவனத்தார் சொல்லுவார்கள். 1947இல் அவர்கள் வெளியிட்ட ஸ்கோப்பில் குழலின் ஈரக்காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜனை நிரப்பியிருந்தார்கள். இன்று பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் நைட்ரஜனோ ஆர்கானோ உண்டு. அந்த நிறுவனம் பழுது பார்க்கும் கடையாகப் பிறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பொருள் எங்கே உடையும் என்று ஆயிரம் தடவை பார்த்த கைக்குத்தான் உடையாமல் செய்யும் வழி பிடிபடும்.

“தண்ணி புகுந்தா நல்லது. கண்ணுக்குத் தெரியுது, கொண்டுவந்து கொடுத்துடுவாங்க” என்றார் பெரியவர். தெரியாத நோய்தான் அவரைத் தூங்கவிடாதது. பிரித்துவைத்த ஒரு ஸ்கோப்பைக் காட்டி விளக்கினார். வெளிக்குழலுக்குள் இன்னொரு சிறு குழல் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸுகள் அதற்குள் இருக்கின்றன. அதன் ஒரு முனை ஒரு கீலில் நிற்க, மறுமுனையை மேலிருந்து ஒரு திருகும் பக்கத்திலிருந்து ஒரு திருகும் அழுத்துகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தகட்டு ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கிறது. திருகை ஒரு ‘கிளிக்’ திருப்பினால் 100 கஜத்தில் குண்டு விழும் இடம் கால் அங்குலம் நகர வேண்டும். அதற்கு உள்குழல் நகரும் தூரம் தலைமுடியின் தடிமனில் கால்வாசிகூட இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி உதைக்கிறது. அந்த உதைக்குப் பிறகு உள்குழல் அதே மயிரிழையில் வந்து நிற்க வேண்டும். இருபது வருடம் கழித்தும் நிற்க வேண்டும்.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ, போட்ட கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டாலோ அது நிற்பதில்லை. ஆனால் எடுத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று தெரியும், குறுக்கு இழை நேராக இருக்கும். கடையில் ஸ்கோப் வாங்குபவர்கள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு தெளிவு!” என்கிறார்கள். தெளிவு முக்கியம்தான். ஆயுளை அது சொல்லாது.

எனக்கு இதில் அக்கறை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. நண்பர் ஒருவருடன் காட்டுக்குப் போயிருந்தபோது அவர் ஓர் ஆண் மானைச் சுட்டார். அவர் கை நடுங்குகிறவர் அல்ல, அவசரப்படவும் இல்லை. குண்டு பின்வயிற்றில் பட்டது. பெரணிப் புதர்களுக்குள் ரத்தத் தடத்தை இருட்டும்வரை தேடினோம், மறுநாளும் தேடினோம், கிடைக்கவில்லை. பிறகு தாளில் சுட்டுப் பார்த்தபோதுதான் ஸ்கோப் ஒவ்வொரு உதைக்கும் இடம் மாறுவது தெரிந்தது. அந்த மான் எத்தனை நாள் உயிரோடு கிடந்ததோ. கொல்வது சரியா தவறா என்பது தனி வாதம். கொல்லத் துணிந்தவனுக்கு நொடியில் கொல்லும் கடமை இருக்கிறது. அந்தக் கடமையின் ஒரு பகுதி இந்தத் தகட்டு ஸ்பிரிங்கிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

உதையிலும் வகை உண்டு. ரைஃபிளின் கனமும் தோள் கொடுக்கும் தாங்கலும் உதையை இழுத்து நீட்டுகின்றன. கைத்துப்பாக்கி அப்படியில்லை. .44 மேக்னம், .454 கசூல் போன்ற தோட்டாக்களை எடை குறைந்த துப்பாக்கியில் சுடும்போது அடி குறுகி, கூர்மையாக விழுகிறது. ஸ்கோப்பே முன்னால் நழுவிவிடும். அதனால் இரண்டு வளையத்துக்குப் பதில் மூன்று போடுவோர் உண்டு. கையை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டியதால் இந்த ஸ்கோப்புகளின் பார்வைத் தூரம் அரை மீட்டரை ஒட்டி இருக்கும்; காட்சி குறுகலாகத் தெரியும். இவற்றில் நீடித்து உழைப்பவை எடை குறைந்த, உருப்பெருக்கம் மாறாத இரண்டு மடங்கு ஸ்கோப்புகளே என்கிறார் பெரியவர். கனம் கூடினால் அடியும் கூடும்; அசையும் பாகம் கூடினால் தேய்மானமும் கூடும். பார்ப்பதற்குச் சாதுவான ஸ்பிரிங் ஏர்கன்தான் பட்டறைக்கு அதிகம் வேலை தருகிறதாம். அதன் பிஸ்டன் முன்னால் போய் மோதும்போது துப்பாக்கி முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் துள்ளுகிறது. ஒரு பக்க உதைக்கு மட்டும் கட்டிய ஸ்கோப் அந்த எதிர் உதையில் உதிர்ந்துவிடுகிறது.

மருமகளின் இடம் நுண்ணோக்கி மேசை. அறுந்த குறுக்கு இழையை மாற்றுவது அவர் வேலை. முன்காலத்தில் அளவைக் கருவிகளிலும் ஸ்கோப்புகளிலும் சிலந்தி இழையை ஒட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிஃபோர்னியாவில் நேன் சாங்கர் என்ற பெண்மணி ‘பிளாக் விடோ’ சிலந்திகளை வளர்த்து, அவற்றின் இழையை எடுத்து இப்படிப்பட்ட கருவிகளுக்குக் கொடுத்துவந்தார். இப்போது உலோகக் கம்பி, அல்லது கண்ணாடியில் செதுக்கிய கோடு. கம்பியை வளையத்தில் இழுத்துப் பிடித்து, ஊசிமுனையளவு பசை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. நான் கேட்டதற்கு, “தொய்வா வெச்சா இப்ப தெரியாது, குளிர்ல தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

அலமாரியில் எஃகுக் குழல் கொண்ட பழைய வீவர் கே4 ஸ்கோப்புகள் வரிசையாக இருந்தன. டெக்சஸின் எல் பாசோவில் அவற்றைச் செய்த தொழிற்சாலை 1984இல் மூடிவிட்டது. பாகங்களை எடுப்பதற்காகவே பெரியவர் உடைந்தவற்றை வாங்கிச் சேர்க்கிறார். பழசெல்லாம் உசத்தி என்று அவர் சொல்லவில்லை. லென்ஸுகளை ஒட்டிய பால்சம் பிசின் வயதாகி மஞ்சளாகும், விளிம்பிலிருந்து பிரியும். ஒளிப்பூச்சும் இன்றைய தரத்துக்கு வராது. ஆனால் அவற்றைத் திருகிக் கழற்றலாம், திரும்பப் பூட்டலாம். இன்றைய மலிவு ஸ்கோப்புகள் பலவற்றில் இணைப்புகளைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். உடைந்தால் திறக்க வழியில்லை. நிறுவனம் புதிது அனுப்பிவிடும். ‘ஆயுள் முழுக்க உத்தரவாதம்’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை வாங்குபவர்கள் நீடித்த உழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றித் தருவோம் என்பதற்கும் உடையாது என்பதற்கும் நடுவில்தான் அந்த மான் ஓடியது. தவிர, உடைந்ததைத் திறந்தே பார்க்காமல் மாற்றிக்கொண்டே போனால், ஏன் உடைந்தது என்று தெரிந்தவர் யார் மிஞ்சுவார்?

பழியெல்லாம் செய்தவர்கள் மேலும் இல்லை. பாதிப் பழுது பொருத்துவதில் வருகிறது. வளையத் திருகுகளுக்கு இரண்டு நியூட்டன் மீட்டர் முறுக்கம் பொதுவாகப் போதும். பலத்தைக் காட்டி இறுக்கினால் குழல் நசுங்கி உள்குழலைக் கவ்விக்கொள்ளும்.

அன்று மதியம், முன்பே முடித்துவைத்திருந்த, மூன்று முதல் ஒன்பது மடங்குவரை உருப்பெருக்கம் மாறும் ஒரு ஸ்கோப்பைச் சோதித்தார்கள். முதலில் மேசைக் கருவியில். இருபது கிளிக் மேலே, இருபது வலது, இருபது கீழே, இருபது இடது. இழை புறப்பட்ட புள்ளிக்கே வந்தது. நான் முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் அதை ரைஃபிளில் பூட்டிப் பின்புற மேட்டுக்கு எடுத்துப் போனார். 100 கஜத்தில் தாள். நடுவில் ஒரு தோட்டா. பிறகு அதே கணக்கில் திருப்பித் திருப்பி ஒவ்வொன்று. ஐந்தாவது, முதல் துளையின் மேலேயே விழ வேண்டும். இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. இன்னொரு தோட்டா சுட்டார். அது ஒன்றரை அங்குலத்தில் விழுந்தது.

“அசையாம வெச்சா சரியாத்தான் நிக்கும். உதைச்சாத்தான் புத்தி தெரியும்” என்று ஸ்கோப்பைக் கழற்றினார். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், மறுபடி நைட்ரஜன் நிரப்ப வேண்டும், மறுபடி தொட்டி. உரிமையாளர் சனிக்கிழமை காட்டுக்குப் போக வேண்டியவர். மருமகள் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டு, அடுத்த வாரம்தான் கிடைக்கும், அதுவரை இதை நம்பிப் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் கோபக் குரல் கேட்டது. அவர் தணிந்த குரலில் அதையே திரும்பச் சொன்னார்.