சுழல் உதையும் சுழல் கதிரையும்

தைக்குவாண்டோ பழகப் போகிறேன் என்று மகன் கேட்டபோது நாங்கள் உடனே ஓம் சொல்லவில்லை. அடிதடிக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள், காசு கட்டிப் பிள்ளைக்கு உதைக்கப் பழக்குவதா என்று யோசித்தோம். ஆனால் புதுப் பள்ளிக்கூடத்தில் அவனோடு முதலில் கதைத்த சிநேகிதன் அந்த வகுப்பில் இருந்தான். அதற்காகவே சேர்த்துவிட்டோம்.

தைக்குவாண்டோ கொரியாவின் கலை. 1988 இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக வந்து, 2000 இல் சிட்னியில் பதக்க விளையாட்டானது. பிள்ளைகளுக்கு ஆசையெல்லாம் சுழல் உதையில்தான். எதிரே நிற்பவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குதிக்காலைத் தலை உயரத்துக்கு வீசும் உதை அது. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தலையில் பட்ட சாதாரண உதைக்கு 3 புள்ளி, சுழன்று உதைத்தால் 5 புள்ளி.

எங்கள் மகனோ சுழலும்போதெல்லாம் விழுந்தான். வெட்கத்தில், வீட்டுக் கார்ப்பெற்றில் வெறுங்காலோடு பழகினான். ஒரு பின்னேரம் உடம்பு திரும்பியது, ஊன்றிய பாதம் திரும்பவில்லை. முழங்கால் முறுகி வீங்கிவிட்டது. வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். அவர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னவனும் அவன்தான். நோவோடு இருக்கும் பிள்ளையே பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளன்! நல்லகாலம், ஒன்றும் கிழியவில்லை. இரண்டு கிழமை ஓய்வு போதும் என்றார்.

அன்றிரவு, "அப்பா, சுத்தேக்க நான் ஏன் விழுறன்?" என்று கேட்டான். எங்கள் வீட்டு அப்பா ஊரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். இந்த நாட்டுக்கு வந்தபின் மகன் அவரிடம் கேட்ட முதல் பாடக் கேள்வி அதுதான்.

தெருவோரத்தில் கண்டெடுத்த சுழல் கதிரையில் அவனை இருத்தினோம். இரு கையிலும் ஒவ்வொரு ரின்பாலைக் கொடுத்து, கைகளை அகல நீட்டச் சொல்லிச் சுழற்றினோம். "இப்ப நெஞ்சோட மடக்கு" என்றோம். கதிரை விர்ரென்று வேகமெடுத்தது. நொந்த காலையும் மறந்து சிரித்தான்.

சுழலும் உடம்பின் பாரம் அச்சுக்குக் கிட்ட வந்தால் சடத்துவத் திருப்பம் குறையும். கோண உந்தம் மாறாததால் வேகம் கூடும். உதையிலும் அதே கணக்குத்தான். சுழற்சியைத் தருவது நிலம். பாதம் நிலத்தைத் தள்ள, நிலம் திருப்பித் தள்ளுகிறது. பாய்ந்து உதைப்பவர் நிலத்தை விட்டபின் புதிதாகச் சுழற்சி பெற முடியாது. ஆகவே திரும்பும்போது கைகளும் காலும் மடிந்திருக்க வேண்டும். கடைசிக் கணத்தில்தான் கால் நீளவேண்டும். அவன் தொடக்கத்திலேயே காலை நீட்டினான். பாதித் திருப்பத்தில் வேகம் செத்து, பாரம் ஊன்றிய பாதத்துக்கு வெளியே போய் விழுந்தான்.

முழங்கால் நொந்ததற்குக் காரணம் உராய்வு. கார்ப்பெற் பாதத்தைப் பிடித்துக்கொள்ள, திருப்பமெல்லாம் முழங்காலில் ஏறியது. அது மடங்குவதற்கான மூட்டு, முறுகுவதற்கானதல்ல. குதிக்காலைத் தூக்கி முன்பாதத்தில் சுழலவேண்டும். இன்னொன்றும் சொல்லிவைத்தோம்: வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். ஆகையால் தங்கச்சிக்குக் கிட்ட விளையாட்டுக்கும் இந்த உதை கூடாது.

கால் சுகமாகி வகுப்புக்குப் போனான். மூன்றாம் சனிக்கிழமை விழாமல் சுழன்று நின்றான். சிநேகிதன் ஏதோ கேட்டான். மகன் ஆங்கிலத்தில் சொன்ன மறுமொழி வாங்கில் இருந்த எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் அவன் கைகளை அகல விரித்து நெஞ்சோடு மடக்கிக் காட்டினான். அது விளங்கியது.

புதிதாக வந்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளைக் கார்ப்பெற்றில் சுழலவிடாதீர்கள். அவர்கள் கேள்வி கேட்டால், பாஷை தெரியாது என்று ஒதுங்காமல் உங்களுக்குத் தெரிந்ததைத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள்.