போட்ட எரு பயிருக்கு எப்போது கிடைக்கும்?

"வண்டி வண்டியா எரு அடிச்சேன். பயிர் மஞ்சளாவே நிக்குது. பக்கத்து வயல்காரர் ஒரு மூட்டை யூரியா போட்டார், ஒரே வாரத்துல கருகருன்னு ஆயிடுச்சு." இயற்கை விவசாயத்துக்கு மாறிய முதல் வருடத்தில் பலரும் சொல்வது இது. மூன்றாவது வாரம் வீட்டில் பேச்சு கிளம்பும். நான்காவது வாரம், யாருக்கும் தெரியாமல் வயலில் யூரியா விழும். அத்தோடு அந்த முயற்சியும் முடிந்துபோகும்.

கணக்கில் எருவுக்குக் குறையில்லை. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 0.5 சதவிகிதம். ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதோ 20.7 கிலோதான். ஆனால், யூரியா சில நாள்களிலேயே வேர் எடுக்கும் வடிவத்துக்கு வந்துவிடும். எருவில் இருப்பது புரதமாகவும் மட்காகவும் கட்டுண்டு கிடக்கிறது. பத்தாயத்தில் நெல் இருந்தாலும் குத்தி அரிசியாக்கினால்தானே உலை வைக்க முடியும்? அந்தக் குத்தும் வேலையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செய்கின்றன. முதல் பருவத்தில் அவை அவிழ்த்துக் கொடுப்பது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதாவது 25 கிலோவில் 6 முதல் 8 கிலோ. மீதி அடுத்தடுத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

இதுகூடக் கிடைக்காமல் போவதும் உண்டு. டெல்டாவில் ஒரு விவசாயி, கொட்டகையில் கூட்டிய சாணத்தையும் மாடு தின்று கழித்த வைக்கோலையும் சரியாக மட்காமலே கொண்டுவந்து, நடவுக்கு ஒரு வாரம் முன்பு வயலில் பரப்பினார். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் இருக்கிறது. இவ்வளவு கரிமத்தைத் தின்னும் நுண்ணுயிர், தன் உடம்பைக் கட்டத் தேவையான தழைச்சத்தை எருவில் காணாமல் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி. விகிதம் 30-க்கு மேல் இருந்தால் இந்தப் பறிப்பு நடக்கும். 20-க்குக் கீழே வந்தால்தான் மண்ணுக்கு வரவு. பறித்தது பிறகு திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால், அதற்குள் தூர் கட்டும் பருவம் போய்விடும். அவருக்கும் அதுதான் நடந்தது. தூர் குறைந்து மகசூலும் குறைந்தது. மட்காத தென்னை நார்க்கழிவு இன்னும் மோசம். அதன் விகிதம் 100-ஐத் தாண்டும்.

தக்கைப்பூண்டு, சணப்பு வேறு ரகம். பூக்கும் தருணத்தில், தண்டு இளசாக இருக்கும்போதே மடக்கி உழுதால் இரண்டு மூன்று வாரங்களில் தழைச்சத்து வரத் தொடங்கும். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று விட்டால் தண்டு நாராகிவிடும். பிறகு அதுவும் வைக்கோல் மாதிரிதான்.

பிண்ணாக்கு இன்னும் வேகம். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதவிகிதம், வேப்பம் பிண்ணாக்கில் சுமார் 5. இன்றைய விலையில் கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்குக் கொடுத்துச் சாணமாக வாங்குவதுதான் கட்டுப்படியாகும் என்பது வேறு விஷயம்.

ஜீவாமிர்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 200 லிட்டரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு. எல்லாம் சேர்த்தாலும் தழைச்சத்து கால் கிலோ அளவுதான். அது நுண்ணுயிரைத் தூண்டலாம். எருவே போடாத வயலில் தூண்டி என்ன கிடைக்கும்?

எருவைச் சிறு குவியல்களாக வயலில் கொட்டி, உழவுக்கு ஆள் வரும்வரை வெயிலில் காயவிடுவது இன்றும் எல்லா ஊரிலும் இருக்கிறது. மூக்கில் ஏறும் நெடி, காற்றோடு போகும் தழைச்சத்து. கோழி எருவில் இந்த இழப்பு மிக அதிகம். பரப்பிய அன்றே உழுதுவிட வேண்டும்.

முதல் வருடம் எருவை மட்டும் நம்பி நெல் நடுவது துணிச்சல்தான், விவேகம் இல்லை. பசுந்தாள் மடக்கி, நன்கு மட்கிய எரு போட்டு, பிண்ணாக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டை பிடித்துப் பார்க்கலாம். பெரும்பாலான ரகங்களுக்கு 4-ஆம் பட்டை, வெள்ளைப் பொன்னிக்கு 3. நிறம் அதற்குக் கீழே இறங்கியதும் யூரியா போட்டால் போதும். பிண்ணாக்கு போடுகிறவர் அதுவரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்; அது மட்கி வேருக்கு வர இரண்டு வாரமாவது வேண்டும். அதனால் நட்ட 10-ஆம் நாளே முதல் தவணையைப் போட்டுவிடலாம்.