நேத்து வந்திருக்கான்

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நிற்பவரிடம் அறந்தாங்கி வண்டியைப் பற்றிக் கேட்டால், "இப்பத்தான் போச்சு, அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்பார். ஆங்கிலத்தில் இதற்குச் சாதாரண இறந்தகாலமே போதும்: "இட் லெஃப்ட் ஃபைவ் மினிட்ஸ் அகோ." அதே மனிதரிடம் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டால், இருபது வருஷத்துக்கு முந்தைய பள்ளிக்கூடச் சுற்றுலாவை நினைத்துக்கொண்டு "பாத்திருக்கேன்" என்பார். அது "ஐ ஹேவ் ஸீன் இட்." ஐந்து நிமிடப் பழசுக்கு 'ஹேவ்' கிடையாது, இருபது வருடப் பழசுக்கு உண்டு. "சற்று முன் முடிந்த செயலுக்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட்" என்று கைடு பார்த்து மனப்பாடம் செய்தவருக்கு இங்கேயே தலை சுற்றும்.

ஊரில் சாயங்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் அந்த விதியைக் கரும்பலகையில் எழுதுவதையே விட்டுவிட்டார். அவரிடம் வருகிறவர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகக் காத்திருக்கும் பையன்கள், நர்ஸிங் முடித்த பெண்கள், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆசைப்படும் அம்மாக்கள். இலக்கணப் பெயர் தெரிந்து அவர்களுக்கு ஆகப்போவது எதுவுமில்லை. இந்தக் காலம் நம்மவர்களுக்குச் சிக்கலாக இருப்பதற்குக் காரணம் தமிழில் அது இல்லாதது அல்ல, இருப்பதுதான் என்பது அவர் கணிப்பு. 'வந்திருக்கான்', 'பாத்திருக்கேன்' என்பவற்றில் உள்ள 'இரு' என்ற துணைவினை, 'ஹேவ்' செய்யும் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடுகிறது. நனைந்த வாசலைப் பார்த்து "மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். ஆங்கிலத்திலும் "இட் ஹேஸ் ரெயின்டு" தான். இப்படிப் பல இடங்களில் சரியாக வந்துவிடுவதால் மாணவர் அதை முழுக்க நம்பிவிடுகிறார். பிறகு காலைவாரிவிடுகிறது.

காலைவாரும் முதல் இடம் 'நேத்து'. விடிந்து பார்த்தால் தோப்பில் தேங்காயைக் காணோம். "நேத்து ராத்திரி எவனோ வந்திருக்கான்" என்று சொல்வதில் தமிழுக்கு எந்தத் தடையும் இல்லை. வந்ததைக் கண்ணால் காணவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் அந்த 'இருக்கான்' சேர்த்தே சொல்லிவிடுகிறது. இதை அப்படியே "சம்படி ஹேஸ் கம் லாஸ்ட் நைட்" என்று மாற்றினால் ஆங்கிலம் ஏற்காது. 'கேம்' என்று முடிக்க வேண்டும். ஊகத்தையும் காட்ட வேண்டுமானால் "மஸ்ட் ஹேவ் கம்" என்று போக வேண்டும். ஆசிரியை அதிக நேரம் செலவிடுவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். தமிழில் 'இருக்கு' வந்ததும் அது தடயமா, அனுபவமா, இப்போதைய நிலைமையா என்று முதலில் கேட்கச் சொல்கிறார். தடயம் என்றால், வாக்கியத்தில் நேற்று, போன வருஷம், 2018 என்று முடிந்துபோன நேரம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் 'ஹேவ்' வெளியே.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் மொழியில் 'ஹேவ்' போன்ற வடிவத்தோடு 'நேற்று' என்பதைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். ஆங்கிலம் பேசும்போது அவர்களும் இதே இடத்தில் இடறுகிறார்கள். ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்பது மொழியியலாளர்களுக்கே ஒரு புதிர். வொல்ஃப்காங் க்ளைன் என்ற ஜெர்மன் அறிஞர் 1992இல் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்' என்றே தலைப்பு வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

வகுப்பில் எடுபடும் உதாரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய அந்தப் புயலில் கீரமங்கலம், ஆலங்குடி பக்கம் தென்னைகள் சாய்ந்ததை மறந்தவர் யாருமில்லை. மரம் கிடையில் கிடந்த அந்த வாரத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் மனு எழுதியிருந்தால், "தி சைக்ளோன் ஹேஸ் டெஸ்ட்ராய்டு அவர் ட்ரீஸ்" என்பதே பொருத்தம். சேதம் கண்முன் இருக்கிறது, நிவாரணம் இனிமேல்தான். அடுத்த வரியில் தேதி வந்ததும் "இட் ஸ்ட்ரக் ஆன் நவம்பர் சிக்ஸ்டீன்த்" என்று மாறிவிட வேண்டும். ஆங்கிலச் செய்தியறிக்கைகள் பெரும்பாலும் நடப்பது இந்தத் தடத்தில்தான்: முதல் வரியில் 'ஹேஸ்', விவரம் வந்ததும் இறந்தகாலம். வேலைக்கான நேர்காணலும் அதே தடம். "ஹேவ் யூ வொர்க்டு அப்ராட்?" என்றால் "எஸ், ஐ ஹேவ். ஐ வொர்க்டு இன் துபாய் ஃப்ரம் 2016 டு 2019." நம் பையன்களின் பயோடேட்டாவில் "ஐ ஹேவ் பாஸ்டு டிப்ளமா இன் 2019" என்று நிற்கும் வாக்கியத்தை இந்த வகுப்பில் எத்தனை முறை அடித்தாலும் அது மறுபடி முளைக்கிறது.

"அப்ப டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மேட்டரு, மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர், 1968இல் மறைந்தவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் அவர் 'ஃபவுண்டட்'. 'ஹேஸ் ஃபவுண்டட்' ஆகாது. ஆண்டைச் சொல்லாவிட்டாலும் ஆகாது, அவர் காலம் முடிந்துவிட்டதே. மருத்துவமனை இன்றும் நடக்கிறது. அதனால் அது பல நோயாளிகளுக்கு 'ஹேஸ் ட்ரீட்டட்'.

அடுத்த இடறல் நேர் எதிர்த் திசையில். 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. "அன்னையிலிருந்து மாவட்டமாத்தான் இருக்கு" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம், துணைவினை எதுவும் தேவைப்படுவதில்லை. ஆங்கிலமோ இங்கே கட்டாயமாக 'ஹேஸ் பீன்' கேட்கும்: "இட் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 1974." 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்ற புகழ்பெற்ற வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான். அதில் இரட்டைத் தவறு. பத்து வருஷம் என்ற நீளத்துக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்குத்தான் 'சின்ஸ்'.

எதிர்மறை இன்னும் வழுக்கும். "நேத்து வரல", "இன்னும் வரல" இரண்டிலும் தமிழ் ஒரே 'வரல'யை வைத்துச் சமாளித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒன்று 'டிடின்ட் கம்', மற்றது 'ஹேஸின்ட் கம் யெட்'. வினையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை, 'நேத்து', 'இன்னும்' என்ற சொற்களைத்தான் பிடிக்க வேண்டும். ஆசிரியை இங்கே விதி சொல்வதில்லை; 'இன்னும்' என்று அவர் கத்துவார், வகுப்பு 'ஹேஸின்ட்' என்று திருப்பிக் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் தொல்லைதான்.

அமெரிக்க சீரியல் பார்க்கும் பிள்ளைகள் வந்து, "அவங்க 'ஐ ஆல்ரெடி ஏட்'னுதானே சொல்றாங்க?" என்று மடக்குவதுண்டு. அதுவும் சரிதான். 'ஆல்ரெடி', 'யெட்', 'ஜஸ்ட்' போன்ற சொற்களோடு அமெரிக்கர்கள் சாதாரண இறந்தகாலத்தைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 'ஹேவ்' கூட 'எஸ்டர்டே'யைச் சேர்ப்பதை அவர்களும் ஏற்பதில்லை.

பேசக் கற்றுக்கொண்ட பிறகும் கேட்பதில் ஒரு பாக்கி இருக்கிறது. வேகமான பேச்சில் 'ஐ ஹேவ்' என்பது 'ஐவ்' என்று சுருங்கி, அடுத்த சொல்லில் கரைந்துவிடும். "ஐவ் ஃபினிஷ்டு", "ஐ ஃபினிஷ்டு" இரண்டும் தொலைபேசியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். அதனால் கடைசி வாரத்தில் ஆசிரியை ஒலிப்பதிவுகளைப் போட்டு, வினைச்சொல்லைக் கவனிக்காதீர்கள், நேரத்தைச் சொல்லும் சொற்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள் என்கிறார். 'எவர்', 'யெட்', 'சின்ஸ்' எழுதியவர்கள் ஒரு பக்கம், 'லாஸ்ட் இயர்', 'அகோ' எழுதியவர்கள் மறுபக்கம் என்று வகுப்பு பிரிந்து நிற்கும். பதிவை மறுபடி ஓடவிட்டதும், முதல் தடவை காதில் விழாத அந்த 'வ்' சிலருக்கு இப்போது விழும்.