சைனா சோறும் நம்ம ஊரு உப்பும்



தூத்துக்குடி என்றாலே புரோட்டா, சால்னாதான். ஆனாலும் சாயங்காலம் நம்ம கூட்டம் நிற்பது ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டியில். ஒரு பிளேட் ஃபிரைடு ரைஸ், நாலு ஸ்பூன்!

அந்தத் தட்டில் சைனா எவ்வளவு? மஞ்சூரியன் பிறந்தது பம்பாயில். 1975-இல் நெல்சன் வாங் என்ற கல்கத்தாச் சீனர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸ் சேர்த்துச் செய்தார் என்பார்கள். அஜினோமோட்டோ ஜப்பான் சரக்கு. 1908-இல் பேராசிரியர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்ட சுவை அது. வளர்ப்பு முத்துக்கும் ஜப்பான்தான் முன்னோடி. அந்த வித்தை 1973-இல் நம்ம தூத்துக்குடியிலும் கைகூடியது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரால்.

அப்படியானால் தட்டில் நம்ம பங்கு என்ன? அதை எனக்குச் சொன்னவர் அப்பா. உப்பளத்தில் உப்பு வாருகிறவர். லீவில் ஒர்க்‌ஷாப்பில் சம்பாதித்த காசில் அவரைக் கூட்டிப் போனேன். காலில் உப்பு வெடிப்பு; உட்காரவே கூசினார்.

"உக்காருங்க அண்ணாச்சி!" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் கடைக்காரர்.

அப்பா ஒரு வாய் மென்றார். "சோறு எந்த ஊரோ, உப்பு நம்ம உப்புதாம்ல!" என்று சிரித்தார். "அம்மைக்கும் ஒரு பொட்டலம் வாங்கு."

தோழர்களே, கும்பலாய்ப் போகும் கடைக்கு ஒருநாள் வீட்டாரையும் கூட்டிப் போங்கள். அவர்கள் கையைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். நம்ம பீஸும் அந்தக் கையிலிருந்துதானே வருகிறது?