செஞ்சிக் கொல்லையில் ஒரு கோடை

செஞ்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதிலைக் குனிந்துகொண்டு பார்க்க முடியுமா? 1677-ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டுக் காத்துக் கிடந்த கோட்டை. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்ற கோட்டை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கும் நாமும் இத்தனை காலம் அண்ணாந்து பார்த்து, பிள்ளைகளையும் அவ்விதமே பார்க்கச் சொல்லி வந்தோம். சென்ற கோடை விடுமுறையில்தான் குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டோம். கற்பித்தவள் நம் பன்னிரண்டு வயதுக் குமாரி.

செஞ்சி வெயிலை அனுபவித்தவர்களுக்கு அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறைகள் இரவில் அனலைக் கக்கும். ஆகவே விடியற்காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் கொல்லைப்புறமே எங்கள் உலகமாயிற்று. பெரிய தோட்டம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். ஒரு கிணறு, ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை மரம், துணி துவைக்கும் கல், நம் தாயார் நட்ட கறிவேப்பிலைக் கன்று - இவ்வளவே. கைப்பேசியும், அதன்மேல் கவ்விப் பிடிக்கும் சிறு பூதக்கண்ணாடி ஒன்றுமே எங்கள் படக்கருவி. மூச்சை விட்டால் படம் கலங்கும். நிழல் விழுந்தால் பூச்சி பறக்கும். குளிர்ச்சி மாறாத விடியற்காலையில் அவை சோம்பிக் கிடக்கும்போதே படம் நன்றாக அமையும் என்பதைப் பல நாள் தோற்றபின் அறிந்தோம்.

முதல் நாளே நமக்கு ஒரு குட்டு விழுந்தது. “அப்பா, எட்டுக்கால் பூச்சி என்கிறீர்களே, எட்டுக் கால் இருந்தால் அது பூச்சியே அல்லவே!” என்றாள் குழந்தை. உண்மைதான். பூச்சிக்கு ஆறு கால், உடலில் மூன்று பாகம். சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டே பாகம். முருங்கைக்கும் சுவருக்கும் நடுவே வலை கட்டியிருந்த சிலந்தி, வெள்ளை இழையால் பெருக்கல் குறி போல ஒரு கோலம் போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அதன்மேல் தலைகீழாக அமர்ந்திருந்தது. அந்தக் கோலம் இரையை ஏமாற்றி இழுப்பதற்கு என்று சில ஆராய்ச்சியாளர்களும், பறவைகள் வலையைக் கிழிக்காதபடி எச்சரிப்பதற்கு என்று வேறு சிலரும் சொல்லுகிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

சுவரோரத்துப் புழுதியில் புனல் போன்ற சிறு குழிகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழியானை புதைந்து கிடந்தது. கால் தவறி விழுந்த எறும்பு மேலே ஏற முயன்றால், கீழிருந்து மண்ணை வாரி அடித்து அதைச் சரித்துவிடுகிறது. இதுவே பிறகு சிறகு முளைத்துத் தும்பியைப் போலப் பறந்து போகிறது. கோட்டை அகழியைப்பற்றி வருஷந்தோறும் பாடம் நடத்தும் நாம், வீட்டுச் சுவரோரத்து அகழியை நாற்பது வயதுக்குமேல்தான் கண்டோம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரான்ஸ் தேசத்து ஃபாபர் என்பவரும் நம்மைப்போல் உபாத்தியாயர்தான். 1879-ல் செரிஞான் என்ற கிராமத்தில் ஒரு தரிசு நிலத்தை வாங்கிக் குடியேறி, 1915-ல் இறக்கும்வரை அங்கேயே பூச்சிகளைப் பார்த்திருந்தார். அவர் எழுதியவை பத்துப் பாகங்கள். நம் நாட்டிலும் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளைப்பற்றி எழுதிய கைந்நூல் 1940-ல் வெளிவந்தது.

பயிர்ப்பூச்சி என்றதும் எங்கள் வீட்டுக் கலகத்தைச் சொல்ல வேண்டும். கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்தவை ஒன்பது புழுக்கள் என்று தெரிந்தது. எலுமிச்சை வகைச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள் அவை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் வீசும்.

“போன வருஷமும் இப்படித்தான் ஒரு கன்று மொட்டையாகிப் பட்டுப் போயிற்று. இதையும் தின்னக் கொடுத்துவிட்டுப் படம் பிடிக்கப் போகிறீர்களாக்கும்!” என்றார் தாயார். பூச்சி மருந்துப் புட்டி முன்பே வாங்கி வைத்தாகிவிட்டது. பேத்தியோ கண்ணைக் கசக்கினாள். புழுக்களை இலையோடு எலுமிச்சைக்கு மாற்றுவது, மருந்து தெளிப்பதில்லை என்று சமாதானம் செய்து வைத்தோம்.

ஆனால் கொல்லைக்கு நம் சமாதானம் தெரியுமா? ஒவ்வொன்றாக ஏழு புழுக்கள் மறைந்தன. ஒன்றைக் குளவி கடித்துத் துண்டாக்கித் தூக்கிச் சென்றதை நாமே பார்த்தோம். எஞ்சிய இரண்டும் பட்டு நூலால் அரைஞாண் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயின. குழந்தை கருவியும் கையுமாகக் காத்திருந்தாள். முதல் கூட்டில் ஊசித் துளை விழுந்தது. வண்ணத்துப்பூச்சி வரவில்லை, எறும்பினும் சிறிய குளவிகள் இருபதுக்கு மேல் வெளிவந்தன. கூடு கட்டிய தருணத்திலேயே தாய்க்குளவி உள்ளே முட்டையிட்டிருக்க வேண்டும். குழந்தை படம் எடுக்காமல் அழுதாள்.

நமக்குத் தோன்றியது வேறு. இத்தகைய ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து, அவை அடங்கிய அட்டைகளைக் கரும்புத் தோகையில் கட்டித் தண்டுப்புழுவை அடக்குகிறார்கள். புட்டி மருந்து தெளித்திருந்தால் புழுவோடு புழுவின் சத்துருவும் அல்லவா மாண்டிருக்கும்? இதைத் தாயாரிடம் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது கூடு திறந்தபோது நாங்கள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தோம். கோலத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன தாயார்தான் பார்த்தார். “நனைந்த துணி மாதிரி சிறகு தொங்கிக்கொண்டிருந்தது. விரிகிற வரையில் நின்றேன். பிறகு பறந்துவிட்டது” என்றார்.

“ஏன் பாட்டி எங்களை எழுப்பவில்லை?”

“எழுப்ப வந்தால் அதற்குள் போய்விடுமே என்று தோன்றிற்று.”

ஆகவே நம்மிடம் இருப்பது வெறும் கூட்டின் படம்தான். ஆடி மாதத்தில் ஒரு நாள் தாயாரே கொல்லையிலிருந்து குரல் கொடுத்தார்: “கறிவேப்பிலையில் மறுபடி முட்டை வைத்திருக்கிறது, குழந்தையைக் கூப்பிடு.” மருந்துப் புட்டி மூடி திறவாமல் மாடத்தில் இருக்கிறது.